பிசினஸ் எதிக்ஸ் நடத்தப் போகும் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நம் ஊர் எம்.பி.ஏ., பி.காம். துறைகளில் பிசினஸ் எதிக்ஸ், அதாவது தொழில் அறநெறி, என்று ஒரு பேப்பர் இருக்கிறது. யாரும் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்காத பேப்பர், துறையில் கடைசியாகச் சேர்ந்தவர் தலையிலோ அந்த செமஸ்டரில் பாடவேளை குறைவாக இருப்பவர் தலையிலோதான் பெரும்பாலும் விழும். அப்படி மாட்டியவர்களுக்கு எஃப்.டி.பி. எனப்படும் ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சிகளில் வகுப்பெடுக்கப் போகும்போதெல்லாம் ஒன்றைப் பார்க்கிறேன்: ஊர் மாறினாலும் டீ இடைவேளையில் ஓரமாக வந்து கேட்கும் கேள்விகள் மாறுவதே இல்லை. கேட்டவர்கள் வாய்மொழியிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. "நான் ஃபைனான்ஸ் ஆளு சார். இந்த செமஸ்டர் எதிக்ஸை என் தலையில கட்டிட்டாங்க. ஃபிலாசஃபி ஒண்ணும் தெரியாதே, எப்படி நடத்துறது?"

ஃபைனான்ஸ் தெரிந்திருப்பது நல்லதாகப் போயிற்று. பேலன்ஸ் ஷீட்டில் கையிருப்பை ஊதிக் காட்டுவது எப்படி, எந்த இடத்தில் ஆடிட்டர் கண்ணை மூடிக்கொள்ள முடியும் என்பதெல்லாம் தத்துவப் பேராசிரியருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். மார்க்கெட்டிங் ஆளாக இருந்தால் விளம்பரத்தில் எந்த வரியைச் சின்ன எழுத்தில் போடுவார்கள் என்பது தெரியும். எச்.ஆர். ஆளாக இருந்தால் ராஜினாமாக் கடிதம் எப்படி "வாங்கப்படுகிறது" என்பது தெரியும். இந்தப் பாடத்துக்கான சரக்கில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது.

தத்துவத்தில் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கும், அதை 5-ஆம் கேள்வியில் பார்ப்போம். உங்களிடம் உண்மையில் குறையாக இருக்கப்போவது வேறு ஒன்று. கணக்குப் பாடத்தில் விடை இருக்கும், போர்டில் எழுதிவிட்டு இறங்கிவிடலாம். இங்கே நாற்பது பேர் நாற்பது கருத்து சொல்வார்கள், நடுவில் நீங்கள் நிற்க வேண்டும். பயிற்சி அதற்குத்தான்.

2. "ஒழுக்கம்லாம் வீட்ல கத்துக்குறது. இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு இனிமே என்னத்தச் சொல்லிக் குடுக்க முடியும்?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பாதிக்கு மேல் நியாயமான கேள்வியும்கூட. பொய் சொல்லக்கூடாது என்று இருபத்திரண்டு வயசுக்காரனுக்கு நீங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. அவனுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே செய்வான். நீங்களும் நானும் அப்படித்தான்.

1973-ல் டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் இறையியல் படித்த மாணவர்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சொற்பொழிவு ஆற்ற வேண்டும். சிலருக்குத் தரப்பட்ட தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து முனகுமாறு ஏற்பாடு. அவசரமில்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். "நேரமாகிவிட்டது, ஓடு" என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். சமாரியன் கதையைப் பேசப் போகிறவர் என்பதால் பெரிய வித்தியாசம் எதுவும் வரவில்லை. பாடம் மனசுக்குள் இருந்தது, கால் நிற்கவில்லை.

வேலையிடத்தில் வருகிற தவறுகளும் பெரும்பாலும் இந்த ரகம்தான்: அவசரம், டார்கெட், மேலே இருப்பவர் முகம். அந்த நிலைமையை முன்கூட்டியே அடையாளம் காணவும், அப்போது வாயைத் திறக்கவும் பழக்க முடியும். வகுப்பறையில் நம்மால் ஆகக்கூடியது அவ்வளவுதான், ஆனால் அது வீட்டில் கிடைக்காதது.

3. "யூ.எச்.வி. பயிற்சி ஏற்கெனவே முடிச்சு சர்ட்டிஃபிகேட்டும் வாங்கிட்டேன். திரும்ப இது எதுக்கு?"

யூ.எச்.வி. என்பது தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. நடத்தும் உலகளாவிய மனித மதிப்புகள் பயிற்சி. தனிமனிதன், குடும்பம், சமூகம், இயற்கை என்று நாலு நிலைகளில் இணக்கத்தைப் பற்றிப் பேசுவது. அது ஒருவர் தன்னைத் தானே விசாரித்துப் பார்ப்பதற்கு. கம்பெனி என்ற அமைப்புக்குள் நல்லவர்கள் சேர்ந்து எப்படிக் கெட்ட முடிவு எடுக்கிறார்கள் என்பது அதன் வேலை இல்லை.

பதவி உயர்வுக்கு இரண்டில் எது கணக்கில் வரும் என்பது உங்கள் பல்கலைக்கழக விதியைப் பொறுத்தது, அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சர்ட்டிஃபிகேட்டுக்காக மட்டும் வருகிறவர்களும் உண்டு. பின்வரிசையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார்கள், அவர்கள்மேல் எனக்குக் கோபமெல்லாம் கிடையாது.

4. "அஞ்சு நாள்ல என்னதான் பண்ணுவீங்க? பிபிடி போட்டு லெக்சர்தானே?"

லெக்சர் முதல் நாள் காலையோடு முடிந்துவிடும். அப்புறம் ஆசிரியர்களே மாணவர்களாக உட்கார்ந்து கேஸை, அதாவது வேலையிடத்து நிலைமை ஒன்றை விவரிக்கும் கதையை, விவாதிப்பார்கள், அப்புறம் ஒவ்வொருவரும் எழுந்து ஒரு கேஸை நடத்திக் காட்ட வேண்டும், மற்றவர்கள் குறை சொல்வார்கள். கடைசி நாள் அவரவர் பாடத்துக்கு ஒரு கேஸ் எழுதுவது.

ஒன்றைக் கிட்டத்தில் காட்டுகிறேன். வகுப்புக்காக நான் எழுதிய கேஸ் இது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனி. எம்.பி.ஏ. முடித்து எச்.ஆரில் சேர்ந்து மூன்று மாதம் ஆன ஒரு பெண். வியாழக்கிழமை, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் தரப்பிலிருந்து ஆடிட் வருகிறது. செவ்வாய் சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை ஓ.டி. இல்லாத மாதிரி இன்னொரு ரெஜிஸ்டர் போட்டுரும்மா, போன ஆடிட்டுக்கும் அப்படித்தான் காட்டினோம்" என்கிறார். அவள் என்ன செய்ய வேண்டும்? பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள்: மறுக்க வேண்டும். சரி, நான்தான் மேனேஜர், அந்த மறுப்பை என்னிடம் இப்போது சொல்லுங்கள் என்பேன். அங்கேதான் அறை அமைதியாகும். யாராவது எழுந்து "சார், இது சட்டப்படி தப்பு" என்பார். "அப்ப ஆர்டர் போகட்டுமா? நானூறு பேருக்கு நீ சம்பளம் தருவியா?" என்று நான் கேட்டதும் உட்கார்ந்துவிடுவார். இரண்டு மூன்று பேர் இப்படி அடிபட்ட பிறகு யாராவது ஒருவர், பெரும்பாலும் முன்பு கம்பெனியில் வேலை பார்த்தவர், வேறு பாதையில் வருவார்: "சார், ரெண்டு ரெஜிஸ்டர் மாட்டிக்கிட்டா மொத்த ஆர்டரும் போயிடும். ஓ.டி.யை மறைக்காமக் காட்டி, மூணு மாசத்துல எப்படிக் குறைக்கப்போறோம்னு ஒரு திட்டத்தையும் கூட வெச்சுக் குடுத்தா என்ன? அந்தத் திட்டத்தை நான் இன்னிக்கு ராத்திரியே எழுதித் தரேன்." நிஜத்திலும் நிறைய பையர்களின் விதிகளில் கூடுதல் வேலை நேரம் திருத்திக்கொள்ளக்கூடிய குறை, போலி ஆவணம் மன்னிப்பில்லாத குற்றம். மேனேஜருக்கும் அது தெரியும்.

இந்த முறைக்கு அடிப்படை போட்டவர் மேரி ஜென்டைல், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டார்டன் பள்ளியில் இருந்தவர். எது சரி என்று விவாதிப்பதோடு நிறுத்தாமல், சரி என்று தெரிந்ததை யாரிடம், எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்று வாய்விட்டு ஒத்திகை பார்க்க வைப்பார். எதிர்த்தரப்பு சொல்லப்போகிற சாக்குகளையும் முன்கூட்டியே பட்டியல் போடச் சொல்வார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அவை நாலே நாலு: "எல்லாரும் பண்றதுதான்", "இதுல யாருக்கு என்ன நஷ்டம்", "மேல சொன்னாங்க, செஞ்சேன்", "கம்பெனிக்கு விசுவாசமா இருக்க வேணாமா". எந்த கேஸைத் திறந்தாலும் இந்த நாலில் ஒன்று உட்கார்ந்திருக்கும்.

5. "காண்ட், பெந்தாம், மில் எல்லாம் சிலபஸ்ல இருக்கு. அதைத் தள்ளிட முடியுமா?"

தள்ள வேண்டாம், பரீட்சையில் கேட்பார்கள். ஆனால் முதல் யூனிட்டாக வைத்து மூன்று வாரம் ஓட்டினால் வகுப்பு அப்போதே செத்துவிடும். கேஸை முன்னால் வைத்து, மாணவர்கள் சண்டை போட்ட பிறகு பெயரைச் சொல்லுங்கள். "நானூறு பேர் வேலை முக்கியமா, ஒரு ரெஜிஸ்டர் முக்கியமா" என்று ஒருவன் கேட்டால் அவன் பெந்தாமின் கட்சி. "பையரை ஏமாத்துறது தப்புன்னா தப்புதான், எத்தனை பேர் வேலைன்னு பாக்காதீங்க" என்பவள் காண்ட் பக்கம். "அந்த ஞாயித்துக்கிழமை மிஷின்ல உக்காந்தவங்க இடத்துல நான் இருந்தா?" என்று யாராவது கேட்டால் ரால்ஸ் என்ற இன்னொரு தத்துவவாதி வந்துவிட்டார். தாங்கள் பேசியதற்குத்தான் அந்தப் பெயர்கள் என்று தெரிந்ததும் மறக்க மாட்டார்கள்.

6. "கேஸ் ஸ்டடின்னா என்ரான், சத்யம், ஃபோர்டு பின்டோ. எல்லா புக்லயும் அதானே இருக்கு. அது போதாதா?"

ஹைதராபாத் ஐ.டி. கம்பெனியான சத்யத்தை விடவே கூடாது, ஆனால் நடத்தும் விதம் மாற வேண்டும். "ராமலிங்க ராஜு மோசடி செய்தார், பேராசை பெருநஷ்டம்" என்று முடித்தால் அதில் கற்க ஒன்றும் இல்லை. 2009 ஜனவரி 7 அன்று, கம்பெனியை நிறுவித் தலைவராக இருந்த அவர் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தைக் கையில் கொடுங்கள். காட்டிய லாபத்துக்கும் உண்மையான லாபத்துக்கும் ஆரம்பத்தில் கொஞ்சம்தான் இடைவெளி, வருஷா வருஷம் அது வளர்ந்துவிட்டது, புலிமேல் சவாரி செய்வதுபோல, இறங்கினால் தின்றுவிடும் என்று எழுதியிருப்பார். அதற்குள் இல்லாத பணம் 5,040 கோடி ரூபாய் கையிருப்பாகக் கணக்கில் ஏறியிருந்தது. முதல் வருஷத்து அந்தச் சின்ன இடைவெளியில் மாணவர்களை நிறுத்துங்கள். நீ அங்கே அக்கவுண்ட்ஸில் இருக்கிறாய், யாரிடம் போவாய்?

இன்னொரு கோணம் நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கானது. 2008 டிசம்பர் 16 அன்று ராஜு குடும்பத்தோடு தொடர்புடைய மேடாஸ் கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்க சத்யம் இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது. முதலீட்டாளர்கள் கொதித்ததும் சில மணி நேரத்தில் பின்வாங்கினார்கள். அந்தக் குழுவில் நிர்வாகப் பொறுப்பு இல்லாத இயக்குநர்களாக ஹைதராபாத் ஐ.எஸ்.பி. நிர்வாகவியல் கல்லூரியின் டீனும், ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் ஒரு பேராசிரியரும் இருந்தார்கள். கணக்கு மோசடியில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. நிர்வாகவியலை நன்றாகக் கற்பிப்பவரும் அந்த மேசையில் உட்கார்ந்தால் கேட்க வேண்டிய கேள்வி தொண்டையில் நின்றுவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. 2008-ல்தான் கார்ப்பரேட் ஆளுகைக்காக சத்யத்துக்கு கோல்டன் பீகாக் விருதும் கிடைத்தது.

பின்டோவை எடுத்தால் கவனம். காருக்கு 11 டாலர் செலவழித்துக் குறையைச் சரிசெய்வதைவிட ஆள் செத்தால் 2 லட்சம் டாலர் கொடுப்பது லாபம் என்று ஃபோர்டு கணக்குப் போட்டு பின்டோவை விற்றதாகப் புத்தகங்களில் வரும். அந்தக் கணக்கு இருந்தது உண்மை. ஆனால் அது 1973-ல் அரசுத் துறைக்குக் கொடுக்க எழுதப்பட்டது, வண்டி குப்புறக் கவிழும்போது பிடிக்கும் தீயைப் பற்றியது, எல்லா கம்பெனி வண்டிகளையும் சேர்த்துப் போட்டது. பின்டோவின் பிரச்சினை பின்னாலிருந்து இடித்தால் பெட்ரோல் டேங்க் உடைவது. 2 லட்சம் என்ற எண்ணும் அரசுத் துறையிடமிருந்தே வந்தது. நேர்மையைப் பற்றிய பாடத்தில் சரிபார்க்காத கதையைச் சொன்னால் கூகுள் பார்க்கிற ஒரு பையன் போதும், உங்கள் மரியாதை போய்விடும்.

7. "நம்ம ஊர் கேஸ் எடுத்தா வம்பு வராதா சார்? யாரோட சொந்தக்காரங்க எங்க இருக்காங்கன்னே தெரியாது."

வரலாம். அதனால் ஆவணம் உள்ள, நாள்பட்ட விவகாரமாகப் பாருங்கள். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை எனக்குப் பிடித்த கேஸ். அமெரிக்காவிலிருந்து 1980களில் வந்த தொழிற்சாலை, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001-ல் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி அங்குள்ள மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் அமைப்பும் வெளியே கொண்டுவந்தார்கள், தொழிற்சாலை மூடப்பட்டது. 2015-ல் இதைப் பற்றிய ஒரு ராப் காணொளி உலகம் முழுக்கப் பரவியது, 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. தங்கள் தொழிற்சாலையால் தொழிலாளர்களின் உடல்நலம் கெடவில்லை என்பதுதான் கம்பெனியின் நிலைப்பாடு. இரண்டு தரப்பையும் வைத்து நடத்துங்கள். பழைய இரும்புக் கடைக்கு அந்தக் கண்ணாடியை அனுப்பக் கையெழுத்துப் போட்ட ஸ்டோர்ஸ் ஆள் ஒருவர் இருந்திருப்பார் அல்லவா, அவராக ஒரு மாணவரை உட்கார வையுங்கள்.

நடப்பு விவகாரம்தான் வேண்டும் என்றால் கம்பெனி பெயரை எடுத்துவிட்டு எழுதுங்கள். திருப்பூர் கேஸில் நான் செய்தது அதுதான். ஆடிட் விஷயத்தை மாணவர்கள் லேசாக எடுத்துக்கொண்டால் கராச்சி அலி எண்டர்பிரைசஸை நினைவூட்டுவேன். 2012 ஆகஸ்டில், வேலையிட நிலைமைக்கான எஸ்.ஏ.8000 சான்றிதழ் வாங்கிய ஆடைத் தொழிற்சாலை அது, செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

8. "சி.எஸ்.ஆர். யூனிட் பெருசா இருக்கு, அதையே விரிச்சு நடத்திடலாமா?"

சி.எஸ்.ஆர். என்பது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் எதைத் தொட்டாலும் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிடச் சொல்கிறது. அதை ஒரு வகுப்பில் முடித்துவிடலாம். அதையே எதிக்ஸாக நினைத்துவிடக் கூடாது. ஆம்புலன்ஸுக்கு 108 அடிக்கிறோமே, அந்தச் சேவையை 2005-ல் ஹைதராபாத்தில் தொடங்கி வைத்தவரே ராமலிங்க ராஜுதான். இதை வகுப்பில் சொல்லிவிட்டு ஐந்து நிமிஷம் பேசாமல் இருந்து பாருங்கள், மீதி விவாதத்தை அவர்களே நடத்துவார்கள்.

9. "திருக்குறளை விடவா ஒரு எதிக்ஸ் இருக்கு? அதை வெச்சே ஓட்டலாமே?"

வைக்கலாம், மேற்கோளாக மட்டும் வைக்காதீர்கள். "ஈன்றாள் பசிகாண்பான் ஆயினும் செய்யற்க" என்று 656-ஆவது குறள் சொல்கிறது, பெற்ற தாய் பட்டினி கிடந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்று. "பொய்மையும் வாய்மை யிடத்த" என்று 292 சொல்கிறது, குற்றமில்லாத நன்மை தருமானால் பொய்யும் மெய்தான் என்று. இரண்டையும் போர்டில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அந்த ரெஜிஸ்டர் கேஸுக்கு வாருங்கள். மேனேஜர் 292-ஐத் தன் கட்சிக்கு இழுப்பார். "புரைதீர்ந்த" என்று அங்கே ஒரு நிபந்தனை இருக்கிறதே, அது நிறைவேறுகிறதா என்று யாராவது பிடிப்பார்கள். குறளை மனப்பாடமாக மட்டுமே பார்த்த பிள்ளைகள் அதோடு வாதாடிப் பார்ப்பது நல்ல விஷயம்.

10. "'லஞ்சம் கொடுக்காம இந்த நாட்டுல தொழில் பண்ண முடியுமா சார்?'னு பையன் கேக்குறான். என்ன சொல்றது?"

முடியும் என்று வாய் கூசாமல் சொல்லாதீர்கள், அவன் அப்பாவோ மாமாவோ கடை வைத்திருப்பார், அவனுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். முடியாது என்றும் சொல்லாதீர்கள். கேள்வியை உடையுங்கள்: கொடுக்காவிட்டால் நியாயமாக வர வேண்டியதே வராத நிலையா, இல்லை வரக்கூடாததை வாங்கக் கொடுப்பதா? மின் இணைப்புக்கு அலைக்கழிக்கப்படும் மாவுமில்காரரும், டெண்டரை வளைக்கிறவரும் ஒன்றா?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் ஆசிரியர் தெரிந்து வைத்திருக்க வேண்டும், பயிற்சிக்கு வரும் பலருக்கு இது புதுச் செய்தி. 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பதே தனிக் குற்றம், ஏழு வருஷம் வரை சிறை. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாளைக்குள் போலீசிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்தால் அந்தப் பிரிவு அவர்மேல் பாயாது. கம்பெனி சார்பில் ஒருவர் கொடுத்தால் கம்பெனியும் மாட்டும், தடுக்கத் தகுந்த ஏற்பாடுகள் வைத்திருந்தோம் என்று காட்டினால் ஒழிய. இதைச் சொன்னதும் வகுப்பு "ஏழு நாள்ல யார் சார் போய் சொல்லுவா?" என்று சிரிக்கும். சிரிக்கட்டும். ஏன் போக மாட்டார்கள் என்று கேளுங்கள், அடுத்த ஒரு மணி நேரம் அதிலேயே ஓடும்.

11. "உண்மை பேசினா என்ன ஆகும்னு மஞ்சுநாத் கதையே சொல்லுதே. பசங்களைச் சாகச் சொல்றீங்களா?"

சண்முகம் மஞ்சுநாத் லக்னோ ஐ.ஐ.எம்.மில் படித்தவர், இந்தியன் ஆயிலில் விற்பனை அதிகாரி. உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்பட எரிபொருள் விற்ற பங்க்கை மூடி சீல் வைத்தார், 2005 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர்களைவிட நாலஞ்சு வயசு பெரியவர். இந்த கேஸை நடத்தினால் வகுப்பு இரண்டாகப் பிரியும், ஒன்று கும்பிடும், இன்னொன்று "வேணாம் சாமி" என்று ஒதுங்கும். இரண்டுமே நமக்கு உதவாது.

நான் கேட்கச் சொல்வது: அவரைச் சுற்றி யார் யார் என்ன செய்திருந்தால் அவர் தனியாக நின்றிருக்க மாட்டார்? அந்த ஏரியாவுக்கு ஒரே ஒரு இளம் அதிகாரியை அனுப்பியது யார் முடிவு? திடீர் சோதனைக்கு இரண்டு பேராகப் போக விதி உண்டா? வீரம் தேவைப்படாத ஏற்பாட்டை உருவாக்குவதுதான் மேலாளரின் வேலை, உங்கள் மாணவர்கள் மேலாளர் ஆகப் போகிறவர்கள். சட்டப் பாதுகாப்பைப் பற்றி ஏமாற்றாமல் சொல்லுங்கள். பட்டியலிடப்பட்ட கம்பெனிகளில் புகார் சொல்ல ஒரு வழிமுறை இருக்க வேண்டும் என்கிறது கம்பெனிகள் சட்டத்தின் 177-ஆவது பிரிவு. அரசுத் துறை முறைகேடுகளை அம்பலப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014-ல் நிறைவேறியும் நடைமுறைக்கு வராமல் கிடக்கிறது. ஆகவே எழுத்தில் வைத்துக்கொள், தனியாகப் போகாதே, உன் சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தாங்கும் என்று முன்பே கணக்குப் பார். இதெல்லாம் எதிக்ஸ் வகுப்பில் சொல்ல வேண்டிய விஷயங்கள்தான்.

12. "எங்கப்பா ரெண்டு நோட்டு கணக்குதான் வெச்சிருக்காருன்னு ஒரு பொண்ணு கிளாஸ்ல சொல்லிட்டா. எனக்குக் கை காலே ஓடல."

முதலில் செய்ய வேண்டியது, அந்தப் பெண்ணின் அப்பாவைக் கேஸ் ஆக்காமல் காப்பாற்றுவது. "இது நிறைய கடையில் இருக்கிற வழக்கம், பொதுவாகப் பேசுவோம்" என்று சொல்லி ஒரு ஜவுளிக்கடையையோ ஹார்டுவேர் கடையையோ கற்பனையாக எடுத்துக்கொண்டு திருப்புங்கள். மற்ற மாணவர்கள் அவளைப் பார்த்துப் பேசினால், என்னைப் பார்த்துப் பேசுங்கள் என்று சொல்லுங்கள். வகுப்பு முடிந்ததும் இரண்டு நிமிஷம் அவளிடம் தனியாகப் பேசுங்கள், அறிவுரை வேண்டாம், வகுப்பில் நடந்தது சங்கடமாக இருந்ததா என்று மட்டும் கேட்டால் போதும்.

இந்தச் சூழல் வரும் என்பதால்தான் முதல் வகுப்பிலேயே ஒரு விதி: இங்கே பேசுவது வெளியே போகாது, சொந்தக் கதை சொல்வதானால் பெயரும் உறவும் இல்லாமல். பயிற்சியில் இதற்கென்றே ஒரு மத்தியானம் ஒதுக்குவேன், யாராவது ஒருவர் மாணவராக நடித்து இப்படி ஒன்றைப் போட்டு உடைப்பார், நிற்பவர் சமாளிக்க வேண்டும்.

13. "மார்க் எப்படிப் போடுறது? நல்லவனா இருந்தா பத்துக்குப் பத்தா?"

கருத்துக்கு மார்க் கிடையாது, இதை மாணவர்களிடமும் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் எல்லாரும் உங்களுக்குப் பிடித்த விடையைத்தான் எழுதுவார்கள், அதுவே ஒரு நேர்மைக்கேடு. மார்க் போட வேண்டியது இவற்றுக்கு: யார் யார் பாதிக்கப்படுகிறார்கள் என்று முழுசாகப் பார்த்தானா, தெரிந்த தகவலையும் ஊகத்தையும் பிரித்தானா, இரண்டுக்கு மேல் வழிகளை யோசித்தானா, தன் முடிவுக்கு எதிரான வலுவான வாதத்தை நியாயமாக எழுதினானா, கடைசியில் யாரிடம் என்ன சொல்வான் என்று வார்த்தையாக எழுதினானா. ரெஜிஸ்டரைப் போட்டுக்கொடுப்பேன் என்று எழுதியவனும் இவற்றைச் சரியாகச் செய்திருந்தால் நல்ல மார்க் வாங்கலாம். இதைக் கேட்டு முகம் சுளிக்கும் ஆசிரியர்கள் ஒவ்வொரு பயிற்சியிலும் இருப்பார்கள்.

14. "அசைன்மென்ட் முழுக்க சாட்ஜிபிடி. எதிக்ஸ் பேப்பர்லயே காப்பி. சிரிக்கிறதா அழுறதா?"

எழுத்து அசைன்மென்ட்டைக் குறைத்துவிட்டு ஐந்து நிமிஷ நேர்முகமாக மாற்றுங்கள். 4-ஆம் கேள்வியில் சொன்ன மாதிரி நீங்கள் மேனேஜராக உட்காருங்கள், அவன் பேசட்டும். மெஷின் எழுதித் தந்ததைப் படித்துவிட்டு வந்தாலும் உங்கள் இரண்டாவது கேள்விக்கு அவனேதான் பதில் சொல்ல வேண்டும்.

15. "எங்க காலேஜ்லயே இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு மட்டும் ஆசிரியர்னு ஆள் காட்டுறாங்க. பசங்களுக்கும் தெரியும். நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு எதிக்ஸ் நடத்துறது?"

இந்தக் கேள்வி எப்போதும் பயிற்சி முடிகிற நாளில்தான் வரும், குரலைத் தாழ்த்தி. இது தனி ஒருவர் கற்பனையும் இல்லை. ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர வேலை செய்வதாகக் கணக்குக் காட்டப்பட்டதை, அப்படி 300-க்கும் மேற்பட்டவர்கள் இருப்பதை, 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில், கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக் அமைப்பின் ஆய்வுக் குழுவில் இருந்தவர்களையே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது. மாணவர்கள் செய்தி படிக்கிறார்கள்.

நீங்கள் அப்பழுக்கில்லாதவர் போல நின்றால்தான் பிரச்சினை. 11-இல் மாணவர்களுக்குச் சொன்ன அதே கணக்கு உங்களுக்கும் பொருந்தும்: சம்பளம், வீட்டுக் கடன், கூட நிற்க யார் இருக்கிறார்கள். முதல்வரிடம் போய்ச் சண்டை போடுங்கள் என்று நான் எந்தப் பயிற்சியிலும் சொன்னதில்லை. ஆனால் உங்கள் கையெழுத்து எதில் விழுகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது. வராத மாணவனுக்கு வருகைப் பதிவு போடுவதில்லை, நடத்தாத வகுப்பை லாக் புக்கில் எழுதுவதில்லை என்று இரண்டு விஷயங்களில் நின்றாலே மாணவர்கள் கவனித்துவிடுவார்கள். யாராவது வகுப்பில் நேரடியாகக் கேட்டால் மழுப்ப வேண்டாம்: "கல்வி நிறுவனங்களிலும் இது நடக்கிறது, நம் கல்லூரியைப் பற்றி இங்கே பேசும் அதிகாரம் எனக்கு இல்லை, ஆனால் இப்படி ஒரு நிறுவனத்தில் ஜூனியர் ஒருவர் என்ன செய்ய முடியும் என்று பேசலாம்" என்று சொல்லி ஒரு ஆஸ்பத்திரியையோ பேங்க்கையோ வைத்து நடத்துங்கள். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

16. "பயிற்சி முடிஞ்சு ஊருக்குப் போனதும் பழையபடி பிபிடிதான் ஓடுது. என்ன பண்ணலாம்?"

தனியாக வராதீர்கள். ஒரே கல்லூரியிலிருந்தோ பக்கத்துக் கல்லூரியிலிருந்தோ இரண்டு பேராகச் சேர்ந்து வாருங்கள், திரும்பிப் போன முதல் மாதத்துக்குள் ஒருவர் வகுப்பில் மற்றவர் பின்னால் உட்கார்ந்து, யார் எத்தனை நிமிஷம் பேசினார்கள் என்று மட்டும் குறித்துக் கொடுங்கள். முதல் தடவை ஆசிரியர் பேசியதே பெரும்பகுதியாக இருக்கும். முழு செமஸ்டரையும் ஒரேயடியாக மாற்றப் பார்க்காதீர்கள். யூனிட்டுக்கு ஒரு கேஸ், ஆக ஐந்து. சிலபஸ் முடியவில்லை என்று எச்.ஓ.டி. கேட்டால் 5-ஆம் பதிலில் சொன்னபடி எந்த கேஸில் எந்தத் தலைப்பு முடிந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். பெரும்பாலும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.